காரியாலயத்திலே களியாட்டு

சித்திரைப் புத்தாண்டு பிறந்து, சுபநேரம் பார்த்து மக்கள் வேலைக்குத் திரும்பும் நாட்களிலே, கண்டி மாநகரத்துக் காரியாலயங்கள் சிலவற்றின் பின்முற்றத்தை எட்டிப் பார்ப்போர் ஒரு வேடிக்கையைக் காண்பர். இரு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டி, அதிலே மண்முட்டிகள் வரிசையாகத் தொங்கவிடப்பட்டிருக்கும். ஒன்றிலே மஞ்சள் நீர், ஒன்றிலே மா, ஒன்றிலே பரிசு. கண்ணைத் துணியாற் கட்டிக்கொண்டு, கையிலே தடியுடன், வெறுங்காற்றை அடித்தபடி தடுமாறி நிற்பவர் அக்காரியாலயத்தின் முகாமையாளர். "இடப்பக்கம், சேர்! இன்னும் இரண்டடி! ஐயையோ, அங்கே இல்லை!" என்று கூவி வழிகாட்டுபவர் அவருடைய வாகனச் சாரதி. லிகிதர்களும் சிற்றூழியர்களும் வயிறு குலுங்கச் சிரிப்பர். அப்பால் கொக்கிசும் பலகாரமும் தேநீரும் வழங்கப்படும். மறுநாட் காலையிலே கோப்புகள் பழையபடி மேசைக்கு மேசை நகரத் தொடங்கும்.

இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடலாமா? முகாமைத்துவக் கல்வியைப் போதிப்போர் தள்ளுவதில்லை. ஒன்றாக வேலை செய்வோரிடையே கூட்டுணர்வை வளர்ப்பதற்கு இத்தகைய இலேசான விளையாட்டுக்கள் உதவும் என்பது அவர்கள் கொள்கை. இதனையே தொழிலாகக் கொண்டு, கட்டணம் பெற்று வந்து விளையாட்டு நடத்திக் கொடுக்கும் நிறுவனங்களும் உலகெங்கும் உள. எமது கல்லூரியின் பழைய மாணவரிற் பலர் இன்று காரியாலயங்களையும் பாடசாலைகளையும் தோட்டங்களையும் நடத்தும் பொறுப்பிலே இருக்கின்றனர். இன்று வகுப்பறையில் இருப்போர் நாளை அவர்களின் கீழ் வேலைக்குச் செல்வர். ஆதலின், விளையாட்டு எப்பொழுது மனிதரைச் சேர்க்கிறது, எப்பொழுது பிரிக்கிறது என்பதை இவ்விரு சாராரும் ஆராய்ந்து அறிந்திருத்தல் நன்று. அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய சான்றுகளுள் மிகப் பழையன சில எமது கண்டி மண்ணிலேயே கிடைக்கின்றன.

முதலிலே சொல்லைப் பார்ப்போம். தொல்காப்பியர் உரியியலிலே கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் கூறுகின்றார். பண்ணை என்றால் இன்று நாம் நினைப்பது கோழிப் பண்ணை, பாற்பண்ணை முதலிய தொழிற்றலங்களையே. வேலைக்களத்தின் பெயரும் விளையாட்டின் பெயரும் ஒரே சொல்லாய் அமைந்தது தற்செயலே ஆயினும், எமது கட்டுரைக்கு அது நல்ல சகுனம். இன்னும், மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அந்நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்று அவர் வகுக்கின்றார். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. எள்ளலாவது பிறரை இகழ்தலாற் பிறப்பது, இளமையாவது பிள்ளைத்தன்மை, பேதைமை அறியாமை, மடன் என்பது பிறர் கூறியதை ஆராயாது அப்படியே கொண்டொழுகும் தன்மை. கண்கட்டிய முகாமையாளர் சாரதியின் சொல்லை நம்பிச் சுவரை அடிக்கும்போது பிறப்பது மடனும் இளமையும் பற்றிய நகை. அதே முற்றத்திலே, உடல் பருத்த ஒரு லிகிதரைச் சாக்கோட்டத்திற்கு வற்புறுத்தி நிறுத்தி, அவர் விழும்போது சிரிப்பது எள்ளல் பற்றிய நகை. சிரிப்பொலி இரண்டிற்கும் ஒன்றே. கேட்டவரின் நெஞ்சிலே மறுநாள் எஞ்சி நிற்பது மாத்திரம் வேறு.

இவ்வேறுபாட்டை எமது நாட்டவர் பட்டறிந்த கதையொன்று உண்டு. 1660 ஆம் ஆண்டிலே சிறைப்பட்டு, 1679 இல் தப்பிச் செல்லும் வரை கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே வாழ்ந்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி. அவர் எழுதி 1681 இல் இலண்டனில் அச்சேறிய நூலிலே, இம்மக்களுக்கு விளையாட்டுக்கள் சிலவே என்றும், புத்தாண்டிலே தேங்காயோடு தேங்காயை மோதவிட்டு எது வலியதெனச் சோதிப்பதே அவற்றுள் தலையாயது என்றும் குறிப்பிடுகின்றார். யாழ்ப்பாணத்தார் போர்த்தேங்காய் என்று வழங்கிய விளையாட்டை இதனைப் படிப்போர் உடனே நினைவு கூர்வர். மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவரும் வடபுலத்துத் தமிழரும் ஒரே பருவத்திலே ஒரேவிதமாகத் தேங்காயை உடைத்து மகிழ்ந்தனர் என்பது சரித்திர வகுப்பிலே சொல்லப்படாத ஒரு செய்தி. அப்புத்தாண்டு நாட்களிலே, சோதிடர் நல்ல நாழிகை குறித்துக் கொடுக்கும் வரை எவரும் தொழிற் கருவியைத் தொடார் என்றும், குறித்த நேரம் வந்ததும் அதிகாரிகளும் தொழிலாளரும் தத்தம் வேலையைத் தொடங்குவர் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். விளையாட்டு முடிந்து வேலை தொடங்கும் அந்த வரம்பு, பெரியவர் சிறியவர் எல்லோர்க்கும் பொதுவாக இருந்தது.

நொக்ஸ் கூறும் மற்றொரு விளையாட்டே எமக்கு மிகவும் வேண்டுவது. இரு கட்சியார் வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, எதிரெதிராக இழுப்பர். ஒன்று முறிந்ததும், வென்ற கட்சியார் ஆடிப் பாடித் தோற்றவரை இழிமொழிகளால் ஏசுவர். ஊரிலே நோய் நீங்கும் பொருட்டுத் தெய்வத்துக்குச் செய்யும் வழிபாடாகவே இது கருதப்பட்டது. சிங்கள மக்கள் இதனை அங்கெலிய என்பர். பத்தினித் தெய்வத்தோடு தொடர்புடையது. மட்டக்களப்புத் தமிழரிடையே கண்ணகி வழிபாட்டோடு இணைந்து வழங்கிய கொம்புமுறி விளையாட்டும் இதுவே. அங்கே வடசேரி, தென்சேரி என இரு கட்சிகள். இங்கே உடுபில, யட்டிபில என இரு கட்சிகள். ஒருவன் எக்கட்சியைச் சேர்ந்தவன் என்பது அவன் பிறந்த குடியாலே நிச்சயிக்கப்படும். அரசனே அவ்விளையாட்டைத் தடுத்து, ஆடுவோர்க்குத் தண்டமும் விதித்தான் என நொக்ஸ் எழுதுகின்றார். அவ்வரசன் இரண்டாம் இராசசிங்கன். விளையாட்டோ அழிந்துவிடவில்லை, பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலரும் அதனைக் கண்டு எழுதியுள்ளனர்.

இதிலே எம்மை வியப்பிற் புகுத்துவது, அரசன் தடுத்தான் என்பதன்று. நோயை நீக்கி ஊரை ஒன்றுபடுத்தவென்றே வகுக்கப்பட்ட ஒரு விளையாட்டு, தோற்றவரை ஏசும் உரிமையை வென்றவர்க்குக் கொடுத்தமையாலே, ஊரின் அமைதிக்கே இடையூறெனக் கருதப்பட்டது என்பதுதான். ஆண்டுக்கொரு முறை வந்து ஊர் முழுவதும் கலந்துகொள்ளும் திருவிழாவிலே அந்த ஏசலைத் தாங்கிக்கொள்ளும் முறைகள் இருந்தன. கட்சி பிறப்பால் அமைந்ததாகையாலும், அடுத்த ஆண்டு தோற்றவர் வெல்லக்கூடுமாகையாலும், ஏச்சு தனியொருவரைச் சுடாமற் கட்சிக்கே போய்ச் சேரும். காரியாலயத்திலே அப்படியன்று. அங்கே கணக்குப் பகுதியாரும் விற்பனைப் பகுதியாரும் கயிறிழுத்தால், தோற்ற பகுதியார் மறுநாளும் அதே மண்டபத்தில், அதே ஏச்சைக் கேட்டுக்கொண்டு, வென்றவரிடமே கையெழுத்துக்காகச் செல்லவேண்டும்.

இதனை விஞ்ஞான முறையிலே சோதித்துப் பார்த்தவர் முசாபர் ஷெரீப் என்னும் சமூக உளவியலறிஞர். 1954 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலே, பதினொரு பன்னிரண்டு வயதுடைய 22 சிறுவரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு பாசறையிலே தங்கவைத்தார். முதலிலே ஒரு கூட்டத்தார் மற்றைக் கூட்டத்தாரை அறியார். பின்னர்ப் பந்தாட்டமும் கயிறிழுத்தலும் வைத்து, வென்றவர்க்கு மாத்திரம் பரிசு என்று அறிவித்தனர். சில நாட்களுள்ளே ஒருவரையொருவர் ஏசினர், கொடியை எரித்தனர், கூடாரத்துட் புகுந்து சூறையாடினர். பின்னர் இரு கூட்டத்தாரையும் ஒன்றாக உணவருந்தவும் படம் பார்க்கவும் விட்டனர். பகை தணியவில்லை, உணவை அள்ளி எறிந்துகொண்டதே மிச்சம். ஈற்றிலே, இரு கூட்டத்தாரும் சேர்ந்தாலன்றி முடியாத வேலைகளை அமைத்தனர். தண்ணீர்க் குழாய் அடைபட்டது. எல்லோரும் சேர்ந்து தேடினர். உணவு ஏற்றிவரும் லொறி நின்றுவிட்டது. முன்பு எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லொறியிலே கட்டி, இரு கூட்டத்தாரும் ஒரே பக்கத்தில் நின்று இழுத்தனர். பகை அதன்பின்னரே படிப்படியாகக் கரைந்தது.

கயிற்றை ஒரே பக்கமாக இழுப்பது எமக்குப் புதிதா? தேர்த்திருவிழாவிலே வடம் பிடிக்கும்போது நாம் செய்வது அதுவேயன்றோ. அங்கே இழுப்பவர்க்கு எதிரே நிற்பது மற்றொரு கட்சியன்று. தேரின் பாரமும் வீதியின் மேடு பள்ளமுமே. ஆயின், கயிறிழுத்தலைக் காரியாலயத்திலிருந்து ஒழித்துவிட வேண்டுமென்று நாம் வாதிக்கவில்லை. போட்டியில்லாத விளையாட்டு உப்பில்லாத பண்டம் என்பார் கூற்றிலும் உண்மையுண்டு. கணக்குப் பகுதியை ஒரு கட்சியாகவும் விற்பனைப் பகுதியை மறு கட்சியாகவும் நிறுத்தாது, சீட்டுக் குலுக்கிக் கட்சி பிரித்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்சியை மாற்றினாலே பெரும்பாலான தீமை நீங்கிவிடும். இப்பொழுது வென்ற கட்சியில் இருந்தவர் அடுத்த ஆட்டத்திலே தோற்ற கட்சியில் நிற்பார்; ஏசுவதற்கு ஆள் அகப்படார்.

விளையாட்டுக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு என்பதை 1938 இல் எழுதிய நூலொன்றிலே ஒல்லாந்த வரலாற்றறிஞர் ஹூய்சிங்கா விரிவாக ஆராய்ந்தார். கோட்டுக்குள்ளே ஒரு சட்டம்; வெளியே ஒரு சட்டம். கிளித்தட்டு ஆடிய எவருக்கும் இது தெரியும். மணலிலே கீறிய கோட்டுக்குள், வயதில் மூத்தவனும் வகுப்பிலே முதல்வனும் கிளியின் கையிலிருந்து தப்பித்தான் ஆகவேண்டும். காரியாலயத்திலும் அக்கோடு மெய்யாகவே கீறப்படல் வேண்டும். முகாமையாளர் முட்டியைத் தவறவிட்டால் எல்லோரும் சிரிக்கலாம் என்று சொல்லிவிட்டு, பலமாகச் சிரித்த லிகிதரின் லீவு விண்ணப்பத்தை மறுவாரம் மறுப்பாராயின், அடுத்த சித்திரையிலே அங்கே சிரிப்பிருக்கும், களிப்பிராது. மேலதிகாரியைப் பார்த்துச் சிரிக்கும் கட்டாயச் சிரிப்பை விட அலுப்பான வேலை வேறொன்றில்லை. அதற்கு மேலதிக நேரப் படியும் கிடையாது.

கட்டாயம் என்ற சொல் வந்தமையால், பிரான்சிலே நடந்த வழக்கொன்றைக் கூறுவாம். பாரிஸ் நகரத்து ஆலோசனை நிறுவனமொன்று, வேலை முடிந்தபின் நடக்கும் களியாட்டுக்களிலும் குடிவிருந்துகளிலும் சேரமறுத்த உத்தியோகத்தர் ஒருவரை 2015 ஆம் ஆண்டிலே வேலைநீக்கம் செய்தது. நிறுவனத்தின் 'மகிழ்ச்சிப் பண்பாட்டுக்கு' அவர் இசைந்துவரவில்லை என்பதும் குற்றச்சாட்டுக்களுள் ஒன்று. வழக்கு மேல் நீதிமன்றங்கள் வரை சென்று, 2022 ஆம் ஆண்டு நவம்பரிலே, அக்களியாட்டுக்களிற் சேராதிருப்பது அவருடைய சுதந்திரம், அதற்காக அவரை நீக்கியது செல்லாது எனப் பிரான்சின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாடும்படி கட்டளையிட்டால் அது விளையாட்டாகாது, வேலையாகிவிடும் என்பதை ஒரு நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது.

நீதிமன்றம் வரை போகாமலே இதனை உணர்ந்தவர்கள் எமது மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர். 1867 ஆம் ஆண்டு கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, தோட்டமென்பது மலைச்சரிவிலே பதவி வரிசையாக அடுக்கிய ஒரு சமுதாயமாகவே வளர்ந்தது. துரையின் பங்களா, உத்தியோகத்தர் விடுதி, லயம். துரைமார் தமக்கெனச் சங்கங்கள் அமைத்து அங்கே ஆடினர். லயத்திலிருந்தவரை அங்கே அழைப்பாரில்லை. ஆயினும் லயத்திலே விளையாட்டு இல்லாமற் போகவில்லை. மாசி மாதத்திலே காமன் ஊன்றி, இரதியும் மன்மதனும் வேடம் புனைந்து, நாட்கணக்காக ஆடப்படும் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கூத்தும், அருச்சுனன் தபசும் தோட்டத்து மக்கள் தாமே நடத்திய விழாக்கள். வேடம் கட்டுபவரும், தப்படிப்பவரும், பந்தல் போடுபவரும், அரிசி தண்டுபவரும் ஒரே தோட்டத்தார். பகலிலே கொழுந்து நிறுக்கும் தராசின்முன் பணிந்து நின்றவன் இரவிலே மன்மதனாய் நின்றான். எவரும் அவர்களுக்குக் கூட்டுணர்வு கற்பிக்கவில்லை. கங்காணியின் கட்டளையும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. தாமே தொடங்கி, தாமே நடத்தி, தாமே முடித்தமையால் அது அவர்களைச் சேர்த்தது.

இன்று தோட்ட நிருவாகங்களும் சித்திரை விளையாட்டு விழா நடத்துவதுண்டு. அது வரவேற்கத்தக்கதே. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி, 2021 இலேதான் சம்பள நிருணயசபை வாயிலாக அதனைப் பெற்றனர். அப்போராட்டம் நடந்த ஆண்டுகளிலே, எத்தனை சாக்கோட்டம் வைத்தாலும் அக்கோரிக்கை மறந்துபோயிராது. கூலியிலே நியாயமும், கூரையிலே ஒழுக்கின்மையும், பதவி உயர்விலே பட்சபாதமின்மையும் உள்ள இடத்திலே விளையாட்டு உறவை மெருகூட்டும். அவை இல்லாத இடத்திலே வைக்கும் விளையாட்டைத் தொழிலாளர் நன்றாகவே விளங்கிக்கொள்வர். பலகாரத்தை உண்டுவிட்டு வீடு செல்வர்.

இனி, நடத்த விரும்புவோர்க்கு உதவியாகச் சில விளையாட்டுக்களை எடுத்துக்கொண்டு அவற்றின் இயல்பை ஆராய்வோம்.

முட்டி உடைத்தலை முன்னரே கூறினோம். இதன் பயன் கண்கட்டியவரிடத்தில் இல்லை, வழிகாட்டுபவரிடத்தில் உள்ளது. எல்லோரும் ஒருங்கே கூவினால் எவர் சொல்வதும் கேளாது. ஆதலின் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரே வழிகாட்டியைச் சீட்டினாலே நியமிக்கவேண்டும். மேலதிகாரிக்குச் சிற்றூழியரும் சிற்றூழியருக்கு மேலதிகாரியும் அமைந்தால் மிக நன்று. ஆண்டு முழுவதும் சொல்லிப் பழகியவர் கேட்கவும், கேட்டுப் பழகியவர் சொல்லவும் நேர்கின்றது. "வலப்பக்கம்" என்று ஒருவர் சொல்ல, அது யாருடைய வலம் என்று மற்றவர் தடுமாறும்போது, எமது அன்றாடச் சுற்றறிக்கைகள் ஏன் விளங்குவதில்லை என்பதும் ஒருவாறு தெளிவாகும். யானைக்குக் கண் வைத்தலையும் இவ்வாறே நடத்தலாம். தடி இல்லாமையால் மண்டபத்தினுள்ளும் ஆடத்தக்கது. பெரஹராவுக்குப் பெயர்பெற்ற இந்நகரத்திலே, துதிக்கையிலே கண் வைக்கப்பட்ட யானையைக் கண்டு சிரியாதார் யார்?

வழுக்குமரம் வேறு வகையானது. எண்ணெயும் கிறீசும் பூசிய மரத்தின் உச்சியிலுள்ள பணமுடிப்பைத் தனியொருவர் எட்டல் அரிது. ஒருவர் தோளிலே ஒருவர் ஏறி, கீழே நிற்பவர் பாரம் தாங்க, முதலில் ஏறியவர்களின் உடையிலே வழுக்கல் ஒட்டித் தேய்ந்தபின், எவரோ ஒருவர் உச்சியைத் தொடுவார். படம் எடுக்கப்படுவது அவரை. பாரம் தாங்கியவர் தோளைப் படம் எடுப்பாரில்லை. ஆதலின் முடிப்பைக் கூட்டத்தாரெல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவதென முன்னரே அறிவித்தல் வேண்டும். வாலிபர் மிக்க தொழிற்சாலைகளுக்கு இது பொருந்தும். ஓய்வூதியத்தை எண்ணிக்கொண்டிருப்போர் நிறைந்த கந்தோரிலே இதனை வைத்தால், அடுத்த நாள் வைத்தியசாலையிலேதான் கூட்டுணர்வு வளரும்.

சங்கீதக் கதிரை எல்லோரும் அறிந்தது. ஆட்டத்துக்கு ஒரு கதிரை குறைய, ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேற, ஈற்றிலே ஒருவர் வெல்வார், மற்றையோர் யாவரும் தோற்பர். ஆள்குறைப்பைப் பற்றி வதந்தி உலவும் நிறுவனத்திலே இதனை வைப்பது கொடுமை. 1978 இலே கூட்டுறவு விளையாட்டுக்களைப் பற்றி நூலெழுதிய டெரி ஓர்லிக் என்பவர் இதனை மாற்றியமைத்தார். இசை நிற்கும்போது கதிரை குறையும். ஆனால் ஒருவரும் வெளியேறலாகாது. எஞ்சிய கதிரைகளிலே எல்லோரும் எப்படியாவது இடம்பிடித்தாக வேண்டும். ஈற்றிலே ஒரு கதிரையைச் சுற்றி எல்லோரும் ஒட்டிக்கொண்டு நிற்பர். எமது வழக்கத்துக்கு ஆண்களும் பெண்களும் இவ்வாறு நெருங்குதல் பொருந்தாதெனக் கருதுவோர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறாக இதனை வைக்கலாம்; அல்லது கதிரைக்குப் பதிலாகப் பாயை விரித்து, அதனை மடித்து மடித்துச் சிறிதாக்கி, காலொன்று பாயில் இருந்தாற் போதும் என்று விதிக்கலாம்.

காதோடு காதாய்ச் செய்தி கடத்தும் விளையாட்டைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். கண்டிக் காரியாலயங்களுக்கு இதனைவிடப் பொருத்தமானது இல்லையென்பது எமது துணிபு. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்பர். முதல்வர் காதிலே ஒரு வாக்கியம் தமிழிலே சொல்லப்படும். அவர் அடுத்தவருக்குச் சிங்களத்திலே சொல்லவேண்டும், அவர் ஆங்கிலத்திலே, அடுத்தவர் மீண்டும் தமிழிலே. வாக்கியம் எளியதாயிருக்கட்டும்: 'செவ்வாய்க்கிழமை காலை கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வாகனத்திலே மூன்று பெட்டி ஏற்றவேண்டும்.' வரிசையின் ஈற்றிலே அது பெரும்பாலும் நாளும் மாறி, ஊரும் மாறி, பெட்டி மூட்டையாகி வந்து சேரும். எல்லோரும் சிரித்தபின், எந்த இடத்திலே மாறியது என்று பின்னோக்கித் தேடவேண்டும். தமிழ் தெரியாத உத்தியோகத்தர் தமிழ்ச் சொல்லைத் தப்பாக உச்சரிக்கிறார். சிங்களம் தடுமாறும் லிகிதர் கையாலே அபிநயம் பிடிக்கிறார். இருவரும் ஒரே நிலையில் நிற்கின்றனர்.

இதிலே ஒரு பாரதூரமான விஷயம் அடங்கியுள்ளது. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென விதித்தது. சட்டம் அங்ஙனமிருக்க, தமிழிலே எழுதிய விண்ணப்பத்துக்கு விளங்காத மொழியிலே மறுமொழி பெற்ற அனுபவம் எம்மிற் பலருக்கு உண்டு. தம்முடைய மொழியல்லாத மொழியிலே பேச வாய் திறப்பதற்கு முதற்றடை இலக்கண அறிவின்மையன்று. பிறர் நகைப்பரே என்ற அச்சம். எல்லோரும் பிழை விடுவதே ஆட்டத்தின் விதியாக அமைந்த இடத்திலே அந்த அச்சம் சற்று விலகுகின்றது. ஓராட்டத்தாலே மொழி வந்துவிடாது. மறுநாள் ஒரு கிழவி கடதாசியோடு வந்து நிற்கும்போது, பக்கத்து மேசையிலிருப்பவரைக் கூப்பிட்டு "இதற்கு என்ன சொல்வது?" என்று கேட்கும் துணிவு வரலாம். அவ்வளவு வந்தாலும் எமக்குப் போதும்.

புதிதாகச் சேர்ந்தோர் உள்ள இடங்களுக்கு மூன்று கூற்று என்னும் ஆட்டம் நன்று. ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி இரண்டு மெய்யும் ஒரு பொய்யும் கூற, மற்றையோர் பொய்யைக் கண்டுபிடிக்கவேண்டும். பாட்டுக்குப் பாட்டு வானொலி வாயிலாக ஊரெல்லாம் பரவிய ஆட்டமாகையால் அதற்கு எமது விளக்கம் வேண்டியதில்லை. தமிழ்ப் பாட்டுக்குச் சிங்களப் பாட்டு என்று வைத்தால் இன்னும் சுவைக்கும். ஈர்க்கையும் நூலையும் கொண்டு கோபுரம் கட்டி உச்சியிலே ஒரு துண்டுத் தொதலை வைக்கும் போட்டியும் உண்டு. மேலைநாட்டிலே மாவினாற் செய்த காய்ந்த குச்சிகளையும் ஒரு மிட்டாயையும் கொண்டு, 18 நிமிடத்திலே இதனைச் செய்வர். அங்கே வணிக முகாமைத்துவப் பட்டதாரிகளைவிடப் பாலர் வகுப்புப் பிள்ளைகளே உயரமான கோபுரம் கட்டினர் என்பர். பட்டதாரிகள் யார் தலைவர் என்று தீர்மானிப்பதிலே நேரத்தைப் போக்க, பிள்ளைகள் உடனே கட்டிப் பார்த்தும் விழுத்தியும் மறுபடி கட்டியும் கற்றுக்கொண்டனராம். தலைமையை விரும்பும் எமது சங்கங்கள் யாவும் இதனை ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்.

நடத்துவோர் கவனிக்க வேண்டியன சில. வேலை நேரத்துக்குள்ளேயே வைத்தல் வேண்டும். மாலை ஐந்து மணிக்குமேல் வைத்தால், பிள்ளையைப் பராமரிக்கும் தாயும், கம்பளைக்கும் மாத்தளைக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவரும் மனத்திலே நேரத்தை எண்ணிக்கொண்டே ஆடுவர். இரமழான் நோன்பு நாட்களிலே பணிஸ் தின்னும் போட்டி வைத்துவிட்டு, முஸ்லிம் நண்பர் ஏன் வரவில்லை என்று கேட்பது முறையன்று. ஆட விரும்பாதவருக்குப் புள்ளி எழுதல், நேரம் பார்த்தல் முதலிய மதிப்பான வேலை ஒன்று கொடுக்கலாம், காரணம் கேட்கக்கூடாது. பரிசு சிறியதாயிருக்கட்டும். ஒரு சவர்க்காரக் கட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் தரும் மகிழ்ச்சியைப் பெரிய பரிசு தருவதில்லை. பெரிய பரிசு வந்தால் நடுவரோடு வழக்கும் வரும். ஒருவர் வெட்கப்பட்டு நின்ற கணத்தைக் கைப்பேசியிலே படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புவதை அறவே தடுத்தல் வேண்டும். முன்னர் எள்ளல் அன்றோடு ஒழிந்தது. இப்பொழுது அது பையிலே கிடந்து ஆண்டு முழுவதும் வெளியே வருகின்றது.

முகாமையாளர் எல்லா ஆட்டத்திலும் வெல்லுமாறு விட்டுக்கொடுக்கும் ஊழியரைப் பற்றியும் ஒரு சொல். சதுரங்கத்திலே அரசனிடம் தோற்றுப் பரிசு பெற்ற அரசவையார் கதைகள் எந்நாட்டிலும் உள. அத்தகைய ஊழியர் உள்ள இடத்திலே, முகாமையாளர் தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தைத் தெரிந்தெடுத்தல் உத்தமம். தேசிக்காய் பதவி பாராது விழும்.

கடைசியாக, பரிசளிப்பு முடிந்து, நன்றியுரையும் முடிந்து, எல்லோரும் வாகனத்தை நோக்கி நடக்கும் நேரத்தைக் கவனிக்க. முற்றத்திலே உடைந்த முட்டி ஓடுகள், மா, சிந்திய மஞ்சள் நீர், நாற்பது கதிரைகள், தேநீர்க் கோப்பைகள். அவற்றை அள்ளுவதற்கு இருவர் எஞ்சி நிற்பர். ஒருவர் வழிகாட்டிக் கூவிய அதே சாரதியாயிருப்பார். மற்றவர் தேநீர் வழங்கிய அம்மையாராயிருப்பார். ஆட்டக் கட்சிகளுக்குச் சீட்டுக் குலுக்கும்போதே, துப்புரவுக் கட்சிக்கும் சீட்டுக் குலுக்கி, எல்லோருடைய பெயரையும், முகாமையாளர் பெயர் உட்பட, அப்பெட்டியில் இடுதல் வேண்டும். விளக்குமாறுகள் நான்கைந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்க.